தேம்ஸ் கரையோர மதுவிடுதிகளை நடத்தியவர்கள் யார்? பெயர்களை எங்கே தேடுவது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். லண்டன் வாப்பிங் பகுதியில் தேம்ஸ் ஆற்றை ஒட்டியே நிற்கும் 'ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி' விடுதியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், இப்போது விட மனசில்லை. 1520 வாக்கில் தொடங்கியது என்று விடுதியே சொல்லிக்கொள்கிறது. முதலில் பெலிக்கன் என்று பெயர், அப்புறம் கடத்தல்காரர்கள் நடமாட்டத்தால் பிசாசு விடுதி என்ற பெயர், 18ஆம் நூற்றாண்டில் தீப்பிடித்து மறுபடி கட்டியபோது பக்கத்தில் வந்து நிற்கும் நிலக்கரிக் கப்பல் ஒன்றின் பெயரை வைத்தார்கள். இதெல்லாம் சரி. ஆனால் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கடற்கொள்ளையர், தூக்குக்கயிறு, அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கடையைத் தினமும் திறந்து, பீப்பாய் இறக்கி, மாலுமிகளுக்குக் கடன் கொடுத்து வசூலித்த ஆட்கள் யார் என்று ஒரு வரி கூட இல்லை. இப்படிப்பட்ட படித்துறை விடுதிகளில் முதலாளியாக இருந்தவர்களின் பெயர்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அந்த வட்டாரத்தில் அவர்களுக்கு என்ன மாதிரியான இடம் இருந்தது?

பதில் 1

வழி உண்டு, பொறுமைதான் வேண்டும். இங்கிலாந்தில் 1552லேயே மதுக்கடை நடத்த நீதிபதிகளிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கடையில் ஒழுங்கு தவறாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவருக்கு ஜாமீன் நிற்க ஆள் வேண்டும். 1753க்குப் பிறகு அந்தப் பத்திரங்களைப் பதிவேட்டில் ஏற்றி வைப்பது கட்டாயம் ஆனது. வாப்பிங் அப்போது மிடில்செக்ஸ் மாவட்டம், அதன் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (2024 வரை லண்டன் பெருநகர ஆவணக் காப்பகம் என்று பெயர்) இருக்கின்றன. ஜாமீன் போட்டவர்கள் பெயரையும் கவனியுங்கள், பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரராக இருப்பார், அவரைப் பிடித்தால் அடுத்த கடையின் கதையும் கூடவே வரும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது தீ காப்பீட்டுப் பதிவேடுகள். 1710ல் தொடங்கிய சன் நிறுவனத்தின் ஏடுகளும் அதே காப்பகத்தில்தான். வீடு செங்கல்லா மரமா, சரக்கு எவ்வளவு பெறும், வீட்டுச் சாமான் எவ்வளவு, உடுதுணி எவ்வளவு என்று தனித்தனியாக மதிப்புப் போட்டிருப்பார்கள். கட்டியிருந்த துணியின் விலை வரை தெரிந்த பிறகு அந்த மனிதர் வெறும் பெயராக இருக்க மாட்டார்.

பதில் 2

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், முக்கியமானது அதுதான். கரையோர விடுதிக்காரர் மது விற்றவர் மட்டும் இல்லை, வேலை கொடுக்கிறவரே அவர்தான்.

வட இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்திலிருந்து வரும் நிலக்கரிக் கப்பலை ஆற்றின் நடுவில் நிறுத்திக் கையால்தான் காலி செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்பது பேர். நாலு பேர் அடித்தளத்தில் நின்று கூடையை நிரப்புவார்கள். மேல்தளத்தில் நாலு பேர் கயிற்றைப் பிடித்தபடி சின்னப் படிக்கட்டு மாதிரி ஒன்றில் ஏறி, ஒரே நேரத்தில் கீழே குதிப்பார்கள், அந்த எடையில் கூடை மேலே வரும், ஒன்பதாவது ஆள் அதைக் கவிழ்ப்பார். நாள் முழுக்க ஏறிக் குதிப்பதுதான் வேலை. இந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கப்பலுக்கு அனுப்பும் உரிமை விடுதிக்காரர்கள் கையில் இருந்தது. அவருடைய கடையில் குடிக்காதவனுக்கு அடுத்த கப்பலில் இடம் கிடையாது. கேட்காமலேயே பீரும் ஜின்னும் கப்பலுக்குப் போகும், அதுவும் கணக்கில் ஏறும். கூலி கொடுப்பதும் அதே கடையில், அதனால் குடித்த கணக்கைக் கழித்த பிறகு மிச்சம் இருப்பதுதான் வீட்டுக்கு. பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ 1849–50ல் இந்தத் தொழிலாளர்களை நேரில் சந்தித்து எழுதினார், படித்தால் வயிறு எரியும்.

1843ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஆள் எடுக்கவும் கூலி கொடுக்கவும் தனி அலுவலகம் வைத்தது. 1856ல் அந்தச் சட்டம் காலாவதியானது. பொதுவாகத் தொழிலாளிக்கு மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று சட்டம் வர 1883 ஆகிவிட்டது. அத்தனை வருஷம் எத்தனை குடும்பங்கள் அரைக் கூலியில் காலம் தள்ளியிருக்கும்! உங்கள் விடுதிக்குப் பெயர் கொடுத்ததே நிலக்கரிக் கப்பல் என்பதால், இந்தக் கதையை விட்டுவிட்டு அந்தக் கரையின் எந்த விடுதிக்காரரைப் பற்றியும் எழுத முடியாது.

பதில் 3

தூக்குக்கயிறு விஷயம் ஒன்று மட்டும். வாப்பிங்கில் கடல் குற்றவாளிகளைத் தூக்கிலிட்ட துறை இருந்தது உண்மை, கடற்கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்ட கேப்டன் கிட் 1701ல் அங்கேதான் தூக்கிலிடப்பட்டார், கடைசித் தூக்கு 1830ல். தூக்குத் தண்டனைகளுக்குப் பேர்போன நீதிபதி ஜெஃப்ரீஸ் 1688ல் மாலுமி வேஷத்தில் தப்பிக்கப் பார்த்து வாப்பிங்கில் பிடிபட்டதும் உண்மை. ஆனால் அந்தக் கரையில் இருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விடுதிகள் இவற்றைத் தங்கள் கதையாகச் சொல்கின்றன. ப்ராஸ்பெக்டின் பின்புறம் ஆற்றைப் பார்த்துத் தொங்கும் கயிறு பிற்காலத்தில் நினைவுக்காக வைத்தது.

கேட்டவர்

மிக்க நன்றி. பதில் 2ஐப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. இன்னொரு சந்தேகம்: 19ஆம் நூற்றாண்டு வணிக விவரப் புத்தகங்களைப் புரட்டினால் இந்த மாதிரி விடுதிகளில் சில வருஷத்துக்கு ஒரு முறை முதலாளி பெயர் மாறுகிறதே, வியாபாரம் அவ்வளவு மோசமா?

பதில் 1

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டனில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே மது ஆலைகள் கடைக்காரருக்குக் கடன் கொடுத்து, குத்தகையைக் கையில் எடுத்து, எங்கள் பீரை மட்டும் விற்க வேண்டும் என்று கட்டிப்போட்டன. நீங்கள் பார்க்கும் பெயர் பலநேரம் வாடகைக்கு வந்தவருடையது, சொந்தக்காரர் ஆலை. இந்தப் பிடியைத் தளர்த்த அரசு உருப்படியாக ஆணை போட்டதே 1989ல்தான், அதுவும் 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளுக்கு மட்டும்.

அதோடு, பெயர் மாறினால் ஆள் மாறினார் என்றும் அர்த்தம் இல்லை. கணவர் இறந்ததும் லைசென்ஸ் மனைவி பெயருக்குப் போவது சர்வசாதாரணம். அவர் மறுமணம் செய்தால் புதுக் கணவர் பெயர் ஏறும், ஆனால் கல்லாவில் இருப்பது அதே பெண். இதைப் பிடிக்க 1851 மக்கள்தொகைக் கணக்கையும் 1858க்கு முந்தைய உயில்களையும் சேர்த்துப் பாருங்கள், உயில்களில் பல பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பக இணையதளத்திலேயே கிடைக்கும். தெரு எண்ணை நம்பித் தேடாதீர்கள், எண்கள் மாறியிருக்கலாம். விடுதியை ஒட்டி ஆற்றில் இறங்கும் படிக்கு இன்னும் பெலிக்கன் படித்துறை என்றுதான் பெயர், அந்தப் பெயரை வைத்தும் தேடிப் பாருங்கள்.