புதுப்பிப்பு: அரிசோனா நண்பரின் ஷாட்கன் கைக்கு வந்துவிட்டது

அரிசோனாவில் இருக்கும் நண்பர் விற்கும் பழைய ஷாட்கன்னை (நீளக் குழல் துப்பாக்கி) நான் இருக்கும் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவர ஏன் இவ்வளவு செலவு என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது.

மாநிலம் விட்டு மாநிலம் என்பதால் நேரில் கைமாற்ற முடியாது. 1968 அமெரிக்கக் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டப்படி என் மாநிலத்து உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் வர வேண்டும். யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் என்ற கூரியர் நிறுவனங்கள் இரண்டும் உரிமம் இல்லாதவரிடம் துப்பாக்கிப் பார்சல் வாங்குவதில்லை. தபாலில் அனுப்பலாம்தான், ஆனால் இங்குள்ள டீலர் தனிநபர் பார்சலை ஏற்க மறுத்தார். ஆக, அங்கே ஒரு டீலர், இங்கே ஒரு டீலர், இரண்டு கட்டணம்.

மாநிலக் கட்டணம் 37.19 டாலர், 10 நாள் காத்திருப்பு. பின்னணிச் சோதனை அவசியம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. உறுத்துவது வேறு. விற்பவரும் வாங்குபவரும் கலிஃபோர்னியாவிலேயே இருந்தால் டீலர் ஒரு துப்பாக்கிக்கு 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. வெளிமாநிலம் என்றால் அந்த வரம்பு கிடையாது. என்னிடம் 100 டாலர் வாங்கினார்கள். அதே படிவம், அதே சோதனை! இது நியாயமே இல்லை.

பணம் அனுப்பும் முன் நாலைந்து கடைகளுக்குப் போன் போட்டு, மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், சான் ஹோசே பக்கம் குறைவாக வாங்கும் டீலர் தெரிந்தால் சொல்லுங்கள், என்னுடன் வேலை செய்யும் ஒருவருக்கும் தேவைப்படுகிறது.