டெக்சஸுக்குப் பிள்ளைகளோடு வந்திருப்பவர்களுக்கு: ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது

டாலஸ் சுற்றுவட்டாரத்தில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்பதுதான். அதற்கு முன்பு, பார்த்து வைத்திருக்கும் வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐஎஸ்டி எனப்படும் பள்ளி மாவட்டம் நகராட்சியோடு தொடர்பில்லாத தனி நிர்வாகம். பிளேனோ என்று முகவரி உள்ள வீடுகளில் ஒரு பகுதி பிரிஸ்கோ ஐஎஸ்டியைச் சேர்ந்தவை. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வீட்டு முகவரியை மாவட்டத்தின் இணையதளத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று பழகி வந்த நமக்கு, இங்குள்ள முறை பிடிபடச் சற்று நாளாகும். ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாடமும் கிரெடிட் என்னும் பாட அலகாகச் சேர்ந்து, டிரான்ஸ்கிரிப்ட் என்னும் மதிப்பெண் பதிவேட்டில் நிலைத்துவிடுகிறது; கடைசி ஆண்டில் முட்டி மோதிப் படித்து முந்தைய மூன்று ஆண்டுகளைச் சரிக்கட்ட முடியாது. 2013இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட்டுகளும், எண்டார்ஸ்மென்ட் என்னும் துறைத் தேர்வோடு முடிக்க 26 கிரெடிட்டுகளும் தேவை. அறிவியல்-தொழில்நுட்பம், வணிகம்-தொழில், பொதுச்சேவை, கலை-மானுடவியல், பல்துறை என்ற ஐந்தில் ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அந்தப் படிவத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. எண்டார்ஸ்மென்டோடு, ‘அல்ஜீப்ரா இரண்டு’ என்ற பாடத்தையும் உள்ளடக்கிய நான்கு கணிதக் கிரெடிட்டுகளும் நான்கு அறிவியல் கிரெடிட்டுகளும் இருந்தால்தான் ‘டிஸ்டிங்குவிஷ்டு’ என்னும் சிறப்பு நிலை கிடைக்கும். அது இல்லாமல், வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வந்தாலும், 1997ஆம் ஆண்டுச் சட்டம் தரும் தானியங்கிச் சேர்க்கை அரசுப் பல்கலைக்கழகங்களில் கிடைக்காது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் அந்த வரம்பை 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து ஐந்து விழுக்காடாகக் குறுக்கிவிட்டது. அதுவும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மட்டுமே உறுதி. கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் இடம் என்பதற்கு அது உத்தரவாதமன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் இனிப்பு வழங்கிவிட்டு, பிறகு மௌனமான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மகன் சென்னையில் ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு வந்தான். நாங்கள் கொண்டுவந்த மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம்’ என்று ஒரே வரிதான் இருந்தது. இங்கோ அல்ஜீப்ரா ஒன்று, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு என்று ஆண்டுக்கொரு பாடமாகப் பிரித்திருக்கிறார்கள். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலர் அந்த ஒற்றை வரிக்கு அல்ஜீப்ரா ஒன்று என்ற கிரெடிட்டை மட்டும் கொடுத்து அவனை ஜியாமெட்ரியில் உட்கார வைத்தார். அவன் ஏற்கெனவே போட்டுப் பழகிய தேற்றங்களையே ஓர் அரையாண்டு முழுவதும் மறுபடி எழுதிக்கொண்டிருந்தான். வகுப்பில் உட்காராமலே தேர்வெழுதிக் கிரெடிட் பெறும் வழி ஒன்று உண்டு என்பதும், அதற்கு நூற்றுக்கு எண்பது எடுத்தால் போதும் என்பதும் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. யாரும் மறைக்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே டி.சி.யோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுவாரியான மதிப்பெண் பட்டியல்களையும், கணித, அறிவியல் பாடநூல்களின் பொருளடக்கப் பக்கங்களையும் கையோடு கொண்டு வாருங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் வரும் பிள்ளைகள் அல்ஜீப்ரா, உயிரியல், அமெரிக்க வரலாறு போன்ற பாடங்களில் மாநிலத்தின் இறுதித் தேர்வுகளையும் எழுத வேண்டியிருக்குமா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் முகம் சுளிக்கும் இன்னொன்று தொழிற்கல்விப் பிரிவு. அதை ‘படிப்பு வராதவர்களுக்கானது’ என்று ஒதுக்குவது பெரிய தவறு. பிரிஸ்கோ ஐஎஸ்டி இதற்கென்றே தனி மையம் நடத்துகிறது. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை உயர்நிலைப் பள்ளியிலேயே சுகாதார அறிவியல் வகுப்புகளை எடுத்து, அந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளலாம். மாணவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ எவ்வளவு தயாராகியிருக்கிறார்கள் என்பதை வைத்தும் மாநிலம் பள்ளி மாவட்டங்களுக்குத் தரநிலை வழங்குவதால், இவற்றில் மாணவர்களைச் சேர்ப்பதில் மாவட்டத்துக்கே அக்கறை உண்டு. பதினொன்றாம் வகுப்பின் பிற்பகுதியிலோ பன்னிரண்டிலோ ஒருமுறை எஸ்ஏடி போன்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வைப் பள்ளியிலேயே கட்டணமின்றி எழுத முடிவதும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய நிதியால்தான். உள்ளூர் சமூகக் கல்லூரியோடு இணைந்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கிரெடிட் தரும் டூயல் கிரெடிட் வகுப்புகளையும் விசாரியுங்கள். ஆனால் மற்ற மாநிலங்களின் தனியார் கல்லூரிகள் அந்தக் கிரெடிட்டுகளை ஏற்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் உள்ள பிள்ளைகள் பயிற்சி வகுப்புகளில் சேரலாம் என்றாலும் ஊதியம் பெறும் வேலை பார்க்க முடியாது. கவுன்சிலர்களில் பலருக்கு இது தெரியாது, நீங்களே சொல்ல வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை விண்ணப்பமான பாஃப்சாவும் அவர்களுக்குப் பயன்படாது. ஆனால் அந்த விண்ணப்பத்தையோ மாநில விண்ணப்பத்தையோ நிரப்புவது பள்ளி முடிப்பதற்கான நிபந்தனையாகிவிட்டதால், ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று சும்மா இருந்துவிடாமல், விலக்குப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாகப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், பள்ளிப் பதிவில் ஒரு விதமாகவும் எஸ்ஏடி அனுமதிச் சீட்டில் வேறு விதமாகவும் பெயர் ஏறி, தேர்வு நாள் காலையில் வாசலில் நிற்க நேரும். சேர்க்கையின்போதே அப்பா பெயரை எந்த இடத்தில் எழுதுவது என்று முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பல பள்ளிகளில் கவுன்சிலர்களைக் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதால், உங்கள் பிள்ளைக்கு யார் கவுன்சிலர் என்பதும் அதோடு தெளிவாகிவிடும்.