காட்டுக்குள் தாங்கும் கத்தி: கையில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வழிப்போக்கன்:

மடக்குக் கத்தியோடு இனி காலம் தள்ள முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். போன பருவத்தில் மான் ஒன்றை உரித்து முடித்தபோது, மடங்கும் இடுக்கு முழுக்கக் கொழுப்பும் ரத்தமும் முடியும் போய் உட்கார்ந்துகொண்டன. ஊசி விட்டுக் குடைந்து, சுடுதண்ணீரில் அலசி, எல்லாம் செய்தாயிற்று; பூட்டு இன்னும் சரியாக விழுவதில்லை. அடுத்து வாங்குவது மடங்காத ஃபிக்ஸட் பிளேடுதான்.

உரிக்கவும் வேண்டும். மலைக்குள் தங்கும் நாட்களில் அதே கத்தியால் கயிறு அறுக்க, கூடார முளை சீவ, நெருப்புக்குச் சிராய் எடுக்கவும் முடிய வேண்டும். ‘உறுதியானது’ என்று கேட்டால் 6 மி.மீ. தடிமனில் கடப்பாரை போல ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். அவ்வளவு வேண்டுமா? விளம்பரத்தில் வருவதை விட்டுவிட்டு, உங்கள் கண்ணெதிரே நடந்ததைச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஓடைக்கரை:

தம்பி, நீளத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நான் பார்த்தவரை அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

எல்க் என்ற பெரிய மான் வகை வேட்டை ஒன்றில் கூட வந்தவர் 18 செ.மீ. அலகு உள்ள ராணுவ பாணிக் கத்தி வைத்திருந்தார். என்னுடையது அதில் பாதி. மாலை மங்கும் நேரம், சாரல் வேறு. விலங்கை மல்லாக்கத் திருப்பி நான் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள, அவர் வயிற்றைத் திறந்தார். முறை தெரிந்தவர்தான். இடது கையின் இரண்டு விரலால் தோலையும் சதைப்படலத்தையும் தூக்கிப் பிடித்து, கூர் மேல்நோக்கி இருக்கும்படி அந்த இரு விரலுக்கு நடுவே அலகை ஓட்டினார். ஆனால் கத்தியின் முனை விரலுக்கு வெகுதூரம் முன்னால், உள்ளே எங்கோ போய்க்கொண்டிருந்தது. சின்னதாக ஒரு ‘புஸ்’ சத்தம். இரைப்பை குத்துப்பட்டு, பாதி செரித்த புல் பச்சைக் குழம்பாக வழிந்தது. அப்புறம் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்ட இடத்தையெல்லாம் செதுக்கி எறிந்துகொண்டிருந்தோம்.

சுட்டுவிரலைக் கத்தியின் முதுகில் நீட்டி வைத்தால், விரல் நுனி முனைக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதுதான் என் அளவுகோல். பெரும்பாலான கைகளுக்கு 9 முதல் 11 செ.மீ. போதும். நெஞ்சுக்கூட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டு மூச்சுக்குழாயை அறுக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் தடவிச் சொல்வதுதான் வழி. அந்த இடத்தில் நீள அலகு உங்களுடைய இன்னொரு கையைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

முனை வடிவத்தில் டிராப் பாயின்ட்டுக்கே என் ஓட்டு. முதுகு மெல்லச் சரிந்து முனையில் இறங்கும் வடிவம் அது. வேட்டைக் கத்திகளில் அதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் பாப் லவ்லெஸ். முனை தாழ்ந்து இருப்பதால் உள்ளுறுப்பில் மாட்டுவது குறைவு, அடிப்பக்க வளைவு உரிப்பதற்கும் வாகு.

இன்னொன்று. தோலை வெளியிலிருந்து முடியோடு சேர்த்து அறுக்காதீர்கள். முடிக்குள் மண்ணும் மணலும் ஒட்டிக் கிடக்கும். எந்த எஃகையும் அது பத்து நிமிடத்தில் மழுங்கடித்துவிடும். சின்னதாக ஒரு துளை போட்டு, அலகை உள்ளே விட்டு, உள்ளிருந்து வெளியே அறுங்கள். ‘என் கத்தி கூர் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று புலம்பியவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொன்னதும் புலம்பல் நின்றுவிட்டது.

கருங்காலி:

அண்ணன் சொல்வது உரிப்பதற்குச் சரி. ஆனால் கேள்வியில் மலையில் தங்குவதும் இருக்கிறதே. நான் பெரும்பாலும் பனிக்காலத்தில் போகிறவன். மூன்று நாள் ஈரப்பனி விழுந்தபிறகு காட்டில் மேலாகக் கிடக்கும் சுள்ளி எதுவும் பற்றாது. நின்ற நிலையில் காய்ந்த மரத்தைத் துண்டு போட்டு, கட்டையைப் பிளந்து, நடுவில் இருக்கும் காய்ந்த பகுதியை எடுத்தால்தான் நெருப்பு. கோடாலி இல்லாவிட்டால் கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளப்பதுதான் ஒரே வழி.

அப்படி அடிக்கும்போது ஒரு நண்பரின் கத்தி முறிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அலகு முறியவில்லை. கைப்பிடி ஆரம்பிக்கும் இடத்தில் படக்கென்று விட்டுப்போய், பிடி மட்டும் அவர் கையில் நின்றது. முறிந்த வாயைத் திருப்பிப் பார்த்தால் காரணம் அங்கேயே இருந்தது. பிடிக்குள் போகும் எஃகு பென்சில் தடிமன்கூட இல்லை; அலகு திடீரென்று ஒடுங்கிப் பிடிக்குள் நுழையும் மூலை, ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் செங்கோணம். அடியின் விசை முழுக்க அந்த மூலையில்தான் போய்க் குவியும். போதாக்குறைக்குக் கடும் குளிர். குளிரில் எஃகு அடியைத் தாங்கும் திறன் குறையும். அதனால்தான் அலகின் எஃகு அதே அகலத்தில் பிடியின் கடைசிவரை ஓடும் ஃபுல் டேங் கத்தியை மட்டும் வாங்குகிறேன்.

எஃகு விஷயத்தில் ஒரு வார்த்தை. கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண் கூடினால் உறுதி கூடும் என்று நினைக்க வேண்டாம். கடினம் வேறு, அடி தாங்குவது வேறு. ஒரே எஃகில் கடினத்தை ஏற்ற ஏற்ற, பொதுவாகத் தாங்கும் குணம் இறங்கும். ராக்வெல் 60-க்கு மேல் கடினமாக்கிய டி2 எஃகு அலகு இறைச்சியை அருமையாக அறுக்கும். எலும்பில் பக்கவாட்டில் நெம்பினால் விளிம்பில் சில்லு போகும். லாரி பட்டை ஸ்பிரிங் செய்யப் பயன்படும் 5160, அல்லது விலை ஏற்றமான சிபிஎம் 3வி, அடி வாங்குவதற்கென்றே பிறந்தவை. என் கத்தி 12 செ.மீ., 4 மி.மீ. தடிமன். அதைக் குறைக்க மாட்டேன்.

மேட்டுநிலம்:

கருங்காலி, கத்தியால் கட்டை பிளக்கும் நேரத்தில் ஒரு சின்னக் கோடாலியைத் தூக்கிப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாதா? ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்தாரே ஓட்சி, 5000 வருடத்துக்கு முந்தைய மனிதர், அவரே செப்புக் கோடாலி தனி, கல் கத்தி தனி என்றுதான் போயிருக்கிறார். கத்தி பிடியோடு சேர்த்துச் சுமார் 13 செ.மீ.தான். வடதுருவப் பக்கத்தில் வாழும் ‘சாமி’ என்ற பழங்குடி மக்களும் வெட்டுவதற்கு லெவுகு என்ற பெரிய கத்தி, நுணுக்க வேலைக்குச் சின்னக் கத்தி என்று இரண்டு வைத்திருப்பார்கள். எல்லா வேலைக்கும் ஒன்று என்று தேடினால் எதற்கும் உருப்படியாக உதவாத ஒன்றுதான் கிடைக்கும்.

பனிச்சாரல்:

எஃகைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கத்தி காலை வாரிய இடங்கள் பிடியும் உறையும்தான்.

எனக்குக் கை சின்னது. காட்டுப்பன்றியின் கொழுப்பு கையில் பட்டபிறகு, மெருகேற்றிய மரப்பிடி கைக்குள்ளேயே உருள ஆரம்பித்தது. வெட்டு நேராகப் போக வேண்டுமென்று இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் கை சீக்கிரம் சோர்ந்தது. இப்போது இருப்பது மெருகு போடாத கான்வாஸ் மைக்கார்ட்டா, அதாவது துணி அடுக்குகளைப் பிசினில் இறுக்கிச் செய்த பிடி. ஈரமானால் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் முன்னால் வழுக்கிப் போகாதபடி ஒரு தடுப்போ, ஆழமான விரல் பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் உலர்ந்த கையால் பிடித்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. விட்டால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே போகச் சொல்வேன்.

ரப்பர், பிளாஸ்டிக் பிடி வாங்குகிறவர்களுக்கு: கொசு மருந்தில் உள்ள டீட் சில வகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும். மருந்து தடவிய கையைத் துடைத்துவிட்டுக் கத்தியைத் தொடுங்கள்.

உறை இன்னும் முக்கியம். என்னோடு வந்த ஒருவர் சரளைச் சரிவில் உட்கார்ந்த வாக்கில் சறுக்கினார். இடுப்பில் மெல்லிய தோல் உறை. எழுந்து பார்த்தால் முனை தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தொடையிலிருந்து ஒரு விரல் தூரத்தில். பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடம் அது. தோல் உறை என்றால் கூர்ப்பக்கம் தடித்த தோல் பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறையை முனை துளைப்பது கடினம். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழாது. ஆனால் விலங்கை மறைந்து நெருங்கும்போது கிளை பட்டால் டக் டக்கென்று சத்தம் போடும், உள்ளே மணல் புகுந்தால் அலகில் கோடு கோடாக விழும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கட்டும்.

சாணைக்கல்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தோல் உறைக்குள்ளேயே கத்தியை வைத்துவிட்டு வீட்டில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட ரசாயனமும் இருக்கும். கார்பன் எஃகு என்றால் புள்ளி புள்ளியாகத் துரு குழி பறித்துவிடும்.

நான் 1095 என்ற கார்பன் எஃகுக் கத்தி வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட 0.95 சதவீதம் கார்பன், குரோமியம் பேருக்குக்கூட இல்லை. ரத்தத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் ஆரஞ்சு நிறம்தான். துடைத்துச் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைப்பது பழகிவிட்டது. இந்தத் தொல்லைக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. விலங்கைப் பாதி உரித்த நிலையில் கூர் போனால், உள்ளங்கை அளவுக் கல்லில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 டிகிரி சாய்வில் சில இழுப்பு, மறுபக்கம் எழும் பிசிறைத் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, இடுப்பு பெல்ட்டில் நான்கு முறை தேய்த்தால் வேலை தொடரும். எஸ்30வி மாதிரி வனேடியம் கூடிய எஃகு நெடுநேரம் கூர் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள வனேடியம் கார்பைடு துகள்கள் சாதாரண சாணைக்கல்லைவிடக் கடினம். மழுங்கிவிட்டால் வைரத்தகடு வேண்டும். அதைப் பையில் வைக்கத் தயார் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

ஈரக் காற்று, கடலோரம் என்றால் 12சி27, 14சி28என் போன்ற ஸ்டெயின்லெஸ் வகைகள் நல்ல நடுவழி. கல்லுக்கும் மசியும், துருவும் குறைவு.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் நன்றி. 10 செ.மீ., 3.5 மி.மீ. தடிமன், ஃபுல் டேங், டிராப் பாயின்ட், 14சி28என் என்று ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். மைக்கார்ட்டா பிடி, கைடெக்ஸ் உறை. மடக்கு ரம்பமும் கைக்கோடாலியும் தனியாக எடுத்துக்கொள்கிறேன். கருங்காலி கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரே சந்தேகம்: ஸ்டெயின்லெஸ் முதுகால் ஃபெர்ரோ ராடை (நெருப்பு மூட்ட உரசும் கம்பி) உரசினால் பொறி வருமா?

சாணைக்கல்:

வரும். பொறி உதிர்வது ராடிலிருந்து, எஃகிலிருந்து இல்லை. பழைய சிக்கிமுக்கிக் கல்லுக்குத்தான் கார்பன் எஃகு வேண்டும். முதுகின் ஓரம் மழமழவென்று உருண்டிருந்தாலோ கறுப்புப் பூச்சு இருந்தாலோ ராடைச் சுரண்டாது. பிடிக்கு அருகே இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அரத்தால் செங்கோணமாக ராவிவிடுங்கள். முதுகு முழுக்க ராவினால் விரலை நீட்டி வைத்து உரிக்கும்போது அறுத்துக்கொண்டே இருக்கும்.

கருங்காலி:

கோபமெல்லாம் இல்லை. கைக்கோடாலிக்கும் உறை வாங்குங்கள்.