பேசும் வலை ஊசி: சாபத்தையும் காப்பாற்றணும், ஆடுகிறவளையும் காப்பாற்றணும்

தண்டையார்பேட்டை_டிஎம்:

ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். நான் டிஎம், கதையை நடத்துகிறவன். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். விதிகளின் பெயர்கள் தவிர மற்றதெல்லாம் தமிழில்தான். உலகம் நான் எழுதியது: பாதி மூழ்கிய ஒரு துறைமுகம்.

அந்தத் துறைமுகத்தில் ஒரு வலை ஊசி வைத்திருக்கிறேன். வாளும் மோதிரமும் எல்லோரும் வைப்பார்கள். என் ஆட்டக்காரர்கள் காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால்தான் ஊசி. எலும்பில் செதுக்கியது. கடலுக்கு மகன்களைக் கொடுத்த ஒரு கிழவியின் உயிர் அதற்குள் இருக்கிறது, பேசும். அது போட்ட முடிச்சு அவிழாது. கயிறானாலும் சரி, காயமானாலும் சரி, கொடுத்த வாக்கானாலும் சரி. முடிச்சுக்கு, வைத்திருப்பவரின் ஒரு நினைவை எடுத்துக்கொள்ளும், அதுதான் சாபம். கிழிந்த எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அதன் பிடிவாதம்.

ஊசி இப்போது ரோக், அதாவது திருட்டுக் கைகாரி பாத்திரம், ஆடும் என் சித்தி மகளிடம் இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் கப்பல் எரியப்போகிறது. எல்லோரும் குதிக்க வேண்டும், ஊசியோ கிழிந்த பாயைத் தைக்கச் சொல்லும். மறுத்தால் ஊசி அவள் மனதைப் பிடிக்கப் பார்க்கும், அவள் பகடை உருட்டித் தப்ப வேண்டும். ஊசியின் கேரிஸ்மா, அதாவது ஆளுமை பலம், 16, அதற்குக் கூட்டல் 3. ஆக அவள் எட்ட வேண்டியது 12 கூட்டல் 3, 15. அவளுடைய கேரிஸ்மா 8, பகடையில் ஒன்று கழியும். இருபது முகப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் பிழைப்பாள். நாலுக்கு மூன்று தோல்விதான். தோற்றால் பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் ஊசியின் பிடி. வாரம் முழுக்க இந்த ஒரு சாயங்காலத்துக்காகக் காத்திருக்கிற பெண்ணைச் சும்மா உட்கார வைக்க எனக்கு மனசில்லை.

இன்னொரு பக்கம், எங்கள் கிளெரிக், தெய்வ மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம், ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டார். சாபம் நீக்கும் ரிமூவ் கர்ஸ் மந்திரம் கையில் இருக்கிறது. ஒரு தொடுதலில் கிழவி கதை முடிந்துபோனால் அதுவும் தாங்காது. என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை_இருபதுமுகம்:

தம்பி, முதலில் வரிசையைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்கும் பகடை, கிடையாது. பொருள் ஒன்று கேட்கும், வைத்திருப்பவர் மறுப்பார், அப்புறம்தான் அது பிடிக்கப் பார்க்கும். கேட்பதற்கும் மறுப்பதற்கும் நடுவில் ஒரு பேரம் இருக்கிறதே, நீங்கள் ஆட வேண்டிய இடமே அதுதான். "பாயைத் தைக்க நேரமில்லை, கேப்டனோட காயத்தைத் தைக்கிறேன், ஒத்துக்கிறியா?" என்று அவள் கேட்டால் கிழவி யோசிக்கட்டும்.

பேரம் முறிந்து தோற்றாலும், ஊசியின் கட்டளைப்படி நடக்க அவள் முயல வேண்டும், அவ்வளவுதான் விதி. உங்கள் கைக்கு அந்தப் பாத்திரம் வந்துவிடாது. எரிகிற பாய்மரத்தில் எப்படி ஏறுவது, யாரைத் தள்ளிவிட்டு ஏறுவது, எல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும். அடிபட்டால் மறுபடி பகடை உருட்டலாம், ஜெயித்தால் பிடி விட்டுவிடும். தீயே அவளைச் சுடும், இல்லை ஒரு கூட்டாளி ஓங்கி ஒன்று வைக்கலாம். அடுத்த விடியல் வரைக்கும் ஊசியால் மறுபடி பிடிக்கவும் முடியாது.

ரிமூவ் கர்ஸுக்குப் பயப்படாதீர்கள். சபிக்கப்பட்ட பொருளின் சாபத்தை அது அழிப்பதில்லை. ஊசிக்கும் அவளுக்கும் உள்ள அட்யூன்மென்ட் என்கிற பிணைப்புதான் அறும், தூக்கிப் போட முடியும். கிழவி ஊசிக்குள்ளேயே இருப்பாள், அடுத்த கையைத் தேடுவாள். அதிகாரப்பூர்வப் பொருட்களில் ஸ்வார்ட் ஆஃப் வெஞ்சன்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் குடியிருக்கும் ஆவியை பேனிஷ்மென்ட் மந்திரம் போட்டுத்தான் துரத்தலாம். துரத்திவிட்டால் மிஞ்சுவது பகடையில் ஒன்று கூட்டும் சாதாரண பிளஸ் ஒன் வாள். உங்கள் கிழவி எதற்கு ஊசியை விட்டு இறங்கிப் போவாள் என்று இப்போதே முடிவு பண்ணி வையுங்கள்.

வலைக்காரர்_பேரன்:

விதி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வலை தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், துறைமுகம் பூரா வலையை விரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டு இருப்பார்கள். எங்கள் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

உங்கள் ஊசிக்கு அதிலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, ஊசியில் நூல் தீரும். எவ்வளவு பெரிய கைகாரராக இருந்தாலும் நிறுத்தி மறுபடி சுற்றியே ஆகணும். நூல் இருக்கிற வரைக்கும்தான் கிழவிக்கு பலம் என்று வையுங்கள். நூல் அந்தப் பெண்ணின் நினைவுதானே? எந்த நினைவைச் சுற்றுவது என்று அவளே சொல்லட்டும். நீங்கள் எடுத்தால் அது திருட்டு. அவளாகவே "எங்கப்பா என்னைக் கூப்பிடுற பேரு" என்று எடுத்துக் கொடுத்தால் மொட்டை மாடியே அமைதியாகிவிடும்.

இரண்டாவது முக்கியம். கிழிந்த இடத்தை அப்படியே தைக்க மாட்டார்கள். பிய்ந்த வலைக்கண்களை வெட்டி எடுத்து, ஓரத்தை ஒழுங்கு பண்ணி, ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டுத்தான் பின்ன ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் முடிச்சு நல்ல நூலில் உட்காரும். உங்கள் கிழவியும் அப்படிக் கேட்கணும். இரண்டு நண்பர்களுக்குள் மனஸ்தாபமா, சேர்த்து வைக்கிறேன், ஆனால் முதலில் முழுசா வெட்டிவிடு என்பாள். அவள் கெட்டவள் இல்லை. வேலை தெரிந்தவள். பயமே அங்கேதான் இருக்கிறது.

ஒத்தியூர்_மகிழமரம்:

வாக்கைக் கட்டும் ஊசி என்றதும் எங்கள் ஊர்க் கதைதான் ஞாபகம் வந்தது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க சுந்தரர், உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் பண்ண வேண்டி வருகிறது. சன்னதியில்தானே சத்தியம், அந்த நேரம் நீங்கள் மகிழமரத்தடியில் போய் இருங்கள் என்று சிவனிடமே கேட்டு வைக்கிறார். சிவனோ, சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே வாங்கச் சொல் என்று சங்கிலியாருக்குத் தெரிவித்துவிடுகிறார். அப்புறம் திருவாரூர் நினைப்பு வந்து சுந்தரர் கிளம்புகிறார், ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

சாபம் தீருகிற விதத்தை கவனியுங்கள் டிஎம். ஒரே அடியில் தீரவில்லை. வெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் ஒரு கண் திரும்பியது, இன்னொரு கண்ணுக்கு ஆரூர் வரைக்கும் பாடிக்கொண்டே போக வேண்டியிருந்தது. உங்கள் கிளெரிக்கின் மந்திரம் அந்த ஊன்றுகோலாக இருக்கட்டும். ஊசி கையை விட்டுப் போகும், நினைவுகள் வராது. அவை ஊர் ஊராகப் போய், ஒவ்வொன்றாகத்தான் வர வேண்டும். அந்த ரோக் பெண்ணுக்கு மாதக்கணக்கில் கதை கிடைக்கும். தந்திரமாகச் சத்தியம் பண்ணப் பார்த்தால் ஊசி அதற்கும் முந்திக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை_டிஎம்:

மூன்று பேருக்கும் நன்றி. எரியும் கப்பலில் பேரத்தோடுதான் தொடங்கப்போகிறேன். பகடை இரண்டாவதுதான். நினைவை அவள் தேர்ந்தெடுப்பதும், வெட்டிவிட்டுத் தைப்பதும் அப்படியே ஆட்டத்துக்கு வருகிறது. கிளெரிக் மந்திரம் போட்டால் தடுக்க மாட்டேன், ஊன்றுகோல் கணக்குதான். கிழவி இறங்கிப் போவது, மகன்களில் ஒருவனின் வலை கடலடியிலிருந்து கிடைத்து, அதைத் தைத்து முடிக்கும்போது. அதற்கான நூலை ரோக் பெண்ணின் நினைவிலிருந்து மட்டும் இல்லாமல் கூட்டாளிகள் எல்லோரிடமிருந்தும் கேட்கப் போகிறேன்.

வலைக்காரர் பேரனுக்கு ஒரு கேள்வி. ஒரு தடவை சுற்றினால் நாலு முடிச்சு என்று வைக்கலாமா? ரொம்பக் குறைவாகப் பட்டால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.