தட்டைத் தாளில் முப்பரிமாணப் பொருளை வரைந்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை நீளமும் அகலமும் மட்டுமே உள்ள தாளில் கொண்டுவர முயன்றவர்கள் எல்லாரும் எங்காவது ஓரிடத்தில் இடறியிருப்போம். அந்த இடத்தைப் பற்றி எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பட்டறையில் சேர்ந்த முதல் வருடம். ஓர் இரும்புத் தகட்டில் எட்டுத் துளைகள் போட வேண்டும். திருகின் தலை உள்ளே அமர, ஒவ்வொரு துளையின் வாயையும் மேல்பக்கம் சரிவாக விரிக்க வேண்டும். கவுண்டர்சிங்க் என்போமே, அதுதான். துளைகள் சமச்சீராக இல்லை. ஒரு மூலையில் நெருங்கியும் இன்னொரு மூலையில் தள்ளியும் இருந்தன. அளவுகளை இரண்டு முறை சரிபார்த்து 12 தகடுகளை முடித்தேன். பொருத்தும் இடத்தில் ஒன்றுகூட உட்காரவில்லை. அளவில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் எல்லாத் தகடுகளும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல மாறியிருந்தன. கவிழ்த்துப் போட்டால் துளைகள் பொருந்தின. ஆனால் விரித்த வாய் அடிப்பக்கம் போய்விட்டது.

ஒரு பொருளை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துத் தனித்தனித் தோற்றங்களாக வரைவோம். அவற்றைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. நான் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. பார்ப்பவருக்கும் படம் விழும் தளத்துக்கும் நடுவில் பொருள் இருப்பதாக அதில் கொள்வோம். அதனால் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலப்புறம் வரும். தேர்ட் ஆங்கிளில் தளம் ஒரு கண்ணாடிச் சட்டம்போலப் பொருளுக்கு முன்னால் நிற்கிறது. மேல்தோற்றம் மேலேயே இருக்கும். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள்தான் வழக்கம், ஐரோப்பாவில் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். என் கைக்கு வந்தது தேர்ட் ஆங்கிள் படம். முன்தோற்றத்துக்கு மேலே இருந்த படத்தை, அடியிலிருந்து பார்த்த தோற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

படத்திலேயே எச்சரிக்கை இருந்தது. அடியிலிருந்து பார்த்தால் விரிந்த வாயின் பெரிய வட்டம் கண்ணுக்குத் தெரியாது, அதைத் துண்டு துண்டான கோடாகத்தான் வரைவார்கள். இங்கே அது முழுக்கோடாக இருந்தது. தாளின் ஓரத்தில் நுனி வெட்டிய கூம்பின் சின்னமும் இருந்தது. எந்த முறையில் வரைந்தது என்று சொல்வதற்காகவே உள்ள சின்னம் அது. இப்போதெல்லாம் அதைத் தேடிப் பார்த்த பிறகுதான் அளவுகளுக்குப் போகிறேன்.

* * *

நான் படம் வரைகிறவள். எனக்குச் சிக்கல் தந்தது ஒரு தரை. சதுரக் கற்கள் பதித்த நீண்ட கூடம். தூரம் போகப்போக வரிசைகள் நெருங்க வேண்டும். இணைகோடுகள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரியும் இடமான மறையும் புள்ளியை வைத்துப் பக்கக் கோடுகளை எல்லாம் அதில் சேர்த்துவிட்டேன். குறுக்குக் கோடுகளுக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டேன்: ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கு. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் தரை தட்டையாகக் கிடக்காமல் எங்கோ வளைவதுபோல உறுத்தியது. மூன்று நாள் அழித்து அழித்து வரைந்தேன்.

அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, இதே மூன்றில் இரண்டு கணக்கைத் தவறு என்று இத்தாலியில் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி 1435-லேயே எழுதிவிட்டார். சோதிக்கும் வழியையும் அவரே சொல்கிறார். ஒரு கல்லின் மூலைவிட்டத்தை அப்படியே நீட்டினால், அது அடுத்தடுத்த வரிசைகளில் உள்ள கற்களின் மூலைகள் வழியாக நேராகப் போக வேண்டும். உண்மையான தரையில் அது ஒரே நேர்கோடு, ஆகவே படத்திலும் நேர்கோடாகவே இருந்தாக வேண்டும். என் படத்தில் ஸ்கேலை வைத்தேன். மூலைகள் வில்போல வளைந்து விலகின. முதல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, மூலைவிட்டத்தை இழுத்து, அது பக்கக் கோடுகளை வெட்டிய இடங்களில் எல்லாம் குறுக்குக் கோடு போட்டேன். பத்தே நிமிடம், தரை படுத்துவிட்டது.

வண்டிச் சக்கரம் வரைகிறவர்களுக்கும் மூலைவிட்டம்தான் கைகொடுக்கும். சாய்ந்து தெரியும் வட்டம் நீள்வட்டமாகும். ஆனால் அந்த நீள்வட்டத்தின் நடுவில் அச்சைக் குத்தினால் சக்கரம் தப்பாகத் தெரியும். வட்டத்தைச் சுற்றிச் சதுரம் போட்டு, அதன் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் குத்துங்கள். அது நீள்வட்ட நடுவைவிடக் கொஞ்சம் தள்ளி, தூரப்பக்கமாக இருக்கும்.

இன்னொன்று: மூலை நம் பக்கம் இருக்கும் பெட்டியை வரையும்போது இடப்புறமும் வலப்புறமுமாக இரண்டு மறையும் புள்ளிகள் வரும். இரண்டையும் சின்னத் தாளுக்குள்ளேயே வைக்காதீர்கள். பெட்டியின் முன்மூலை கூர்மையாக நீண்டு, பார்க்கவே சங்கடமாக இருக்கும். நான் தாளை மேசையில் ஒட்டி, இருபுறமும் தள்ளி ஊசி குத்தி நூல் கட்டிக்கொள்கிறேன்.

* * *

வகுப்பில் கம்பியால் செய்த கனசதுரத்தை ஐசோமெட்ரிக் முறையில், அதாவது ஒரு மூலை நேராக நம்மைப் பார்க்கும்படி வைத்து, வரையச் சொன்னேன். ஒரு மாணவி முடித்துவிட்டுக் கேட்டாள்: "கனசதுரத்துக்கு எட்டு மூலைதானே, என் படத்தில் ஏழுதானே இருக்கு?" அவள் படத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று அச்சுகளுக்கும் நடுவே 120 பாகை, மூன்று பக்கங்களும் சம நீளம். அப்படிப் பார்க்கும்போது அருகில் உள்ள மூலையும் தொலைவில் உள்ள மூலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். வெளிவிளிம்பு ஒழுங்கான அறுகோணம். இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தும் நான் அந்த மூலைகளை எண்ணிப் பார்த்ததே இல்லை.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822-ல் இந்த முறையை விளக்கி எழுதினார். உண்மையில் இப்படிப் பார்க்கும்போது விளிம்புகள் ஏறக்குறைய 82 சதவீதமாகச் சுருங்கித் தெரியும். வரைகிறவர்கள் அந்தச் சுருக்கத்தை விட்டுவிட்டு முழு அளவையே வைப்பதால் படம் கொஞ்சம் பெரிதாகிறது, வடிவம் கெடுவதில்லை. மூன்று திசையிலும் ஒரே ஸ்கேலால் அளக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

* * *

மரவேலை. கேபினட் முறையில்தான் வரைந்து காட்டுவேன். முன்முகம் உள்ளபடியே இருக்கும், ஆழம் மட்டும் 45 பாகையில் பாதியளவு. முழு ஆழத்தையும் போட்டால் அலமாரி பின்னால் இழுத்து நீட்டியதுபோல ஆகிவிடும்.

ஒருமுறை பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து கொடுத்த படத்தில், வாங்குபவர் தானே ஸ்கேல் வைத்து ஆழத்தை அளந்திருக்கிறார். 2 செ.மீ. வந்தது. அலமாரி 20 செ.மீ. ஆழம் என்று முடிவு செய்து சுவரில் இடம் விட்டுவிட்டார். நான் செய்தது 40. அவர்மேல் தப்பே இல்லை, ஆழம் பாதியளவு என்று நான் எழுதியிருக்க வேண்டும். இப்போது அம்புக்குறி போட்டு உண்மை அளவை எழுதாமல் படத்தைக் கையைவிட்டு அனுப்புவதில்லை.

* * *

தகடு பற்றி எழுதியவருக்கு: எனக்கும் தோற்றங்களைச் சேர்த்து மனதில் உருவமாக்குவது வரவே இல்லை, சோப்புக்கட்டி கையில் எடுக்கும்வரை. ஒரு கணக்கு கொடுத்திருந்தார்கள்: மேல்தோற்றம் வட்டம், முன்தோற்றம் சதுரம், பக்கத்தோற்றம் முக்கோணம். தாளில் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் சோப்பை விட்டமும் உயரமும் சமமான உருளையாகச் செதுக்கினேன். மேல்முகத்தில் ஒரு விட்டம் கீறி, அந்தக் கோட்டிலிருந்து இருபுறமும் அடிவிளிம்பு வரை சாய்வாக வெட்டினேன். கூரைபோல ஒரு முகடு வந்தது. மேலிருந்து பார்த்தால் வட்டம், முகட்டுக்கு நேரெதிரே நின்றால் சதுரம், முகட்டின் முனையிலிருந்து பார்த்தால் முக்கோணம். இரண்டு தோற்றங்களை மட்டும் நம்பக்கூடாது என்று சொல்வார்களே, அது அன்றுதான் புரிந்தது. வட்டத்தையும் சதுரத்தையும் மட்டும் கொடுத்திருந்தால் வெட்டாத உருளையோடு நிறுத்தியிருப்பேன்.