டெஸ்டினில் (புளோரிடா) அப்பாவைக் கடலுக்குக் கூட்டிப்போக எந்தப் படகு நல்லது?

முத்துநகரான் (ஆல்ஃபரெட்டா):
அப்பா தூத்துக்குடிப் பக்கம் 30 வருடம் வள்ளத்தில் தூண்டிலுக்குப் போனவர். வயது 68. கடலுக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஜூன் மாதம் எங்களிடம் வருகிறார், நாலு நாள் டெஸ்டின் போகிறோம். போன முறை ஒகலூசா தீவு மீன்பிடிப் பாலத்தில் நின்று, போகிற வருகிற படகையே மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவரைப் படகில் ஏற்றிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நாற்பது பேர் போகும் பெரிய படகா, ஆறு பேர் போகும் தனிப்படகா? விசிட்டர் விசாவில் வருபவருக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டுமா? ரெட் ஸ்னாப்பர் மீன் ஆளுக்கு இரண்டுதான் எடுக்கலாம் என்கிறார்கள், அதைப் பார்த்து மனசு விட்டுவிடுவாரோ என்பதுதான் என் பெரிய கவலை.

செல்வி (கம்மிங்):
அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் தலை சுற்றும். கடல் மயக்கத்துக்கான மெக்லிசின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முந்தின இரவே போடுங்கள். படகில் ஏறியபின் போட்டு நான் பட்ட பாடு போதும். காலைப் படகே எடுங்கள், கோடையில் மதியத்துக்குமேல் இடி மழை அடிக்கடி வரும்.

கடலோரத்தான் (பென்சகோலா):
தனிப்படகுதான். பெரிய படகில் தோளோடு தோள் நின்று, பக்கத்து ஆளின் தங்கூசியோடு (தூண்டில் நரம்பு) சிக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கடலை அறிந்த மனிதருக்கு அது சிரமம். ஆறு பேர் படகில் கேப்டன் பக்கத்தில் நின்று பேசலாம். நான்கு மணி நேரம் வேண்டாம், ஆறு எடுங்கள். நான் முதல் தடவை நான்கு எடுத்து, போகவும் வரவுமே பாதி போய்விட்டது. லைசென்ஸ் கவலை வேண்டாம். புளோரிடாவில் வாடகைப் படகின் லைசென்ஸே பயணிகளுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு மீன் கணக்கை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதைப் பார்த்தவருக்கு இது புரியாதா? இங்கும் அளவுக்கு மீறிப் பிடித்தும், இறால் இழுவலையில் குஞ்சு ஸ்னாப்பர் அள்ளிக்கொண்டு போயும்தான் மீன் குறைந்தது. இப்போது 16 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் விட வேண்டும். ஃபெடரல் பெர்மிட் உள்ள படகுகளுக்கு சீசன் ஜூன் 1-இல் தொடங்கும், முடியும் தேதி வருடா வருடம் மாறும். சின்ன மீனை விடும் விதத்தை அப்பாவுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனுக்குக் காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழி தள்ளிவிடும். அப்படியே விட்டால் மிதந்து செத்துப்போகும். உதட்டில் ஒரு கிளிப்பை மாட்டி, ஈயக் குண்டோடு மீண்டும் அடிக்கு இறக்குவார்கள். முதலில் பார்த்தபோது நான் நெகிழ்ந்துபோனேன்.

அப்புறம் முக்கியமான ஒன்று. இங்கே இரை போட்டுப் பாறை மீன் பிடிக்க முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் முள்தான், சட்டமே அது. மீன் கடித்ததும் நம் ஆட்கள் கை சுண்டி இழுப்பார்கள், அதுதான் பழக்கம். வட்ட முள்ளில் சுண்டினால் வாயை விட்டு நழுவிவிடும். சுண்டாமல் ரீலை நிதானமாகச் சுற்றினால் முள் தானாக வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். என் மாமா ராமேஸ்வரத்துக்காரர், சுண்டிச் சுண்டியே மூன்று மீனை விட்டார். நாலாவதுக்குப் படகுப் பையன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். வந்தது ஆறு கிலோ ஸ்னாப்பர்.

அவருக்குப் பழகிய மீன்களும் கிடைக்கும். ஸ்னாப்பர் நம் செப்பிலி இனம்தான், கிங் மேக்கரல் நெய்மீனுக்கு நெருங்கிய உறவு. கோபியா வந்தால் அது நம்ம கடல் விராலேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆழத்தை கேப்டன் ஃபேதம் கணக்கில் சொன்னால் அப்பாவுக்கு நீங்கள் மொழிபெயர்க்கவே வேண்டாம். பாகம் என்று சொல்லுங்கள், இரண்டுமே கை விரித்த அளவு.

முத்துநகரான்:
அண்ணா, படித்துவிட்டு மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டுவது யார்? துறைமுகத்திலேயே வெட்டித் தருவார்களா?

கடலோரத்தான்:
படகுப் பையனே வெட்டித் தருவான், கையோடு 15-20 சதவீதம் டிப்ஸ் கொடுங்கள், அவன் சம்பாத்தியம் பெரும்பாலும் அதுதான். ஆனால் சதையை மட்டும் எடுத்துவிட்டு, தலையையும் முள்ளையும் போட்டுவிடுவான். ஏறும்போதே சொல்லிவையுங்கள், தலை எங்களுக்கு வேண்டும் என்று. ஐஸ் பெட்டி நீங்களே கொண்டுபோங்கள். ஸ்னாப்பர் தலைக் குழம்பை அடுத்த நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முத்துநகரான்:
ஆறு மணி நேரப் படகு போட்டாயிற்று. காலை 6-க்குக் கிளம்புகிறோம், தலையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நேற்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கடல் நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டார்: "அங்கே நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும்? கேப்டனிடம் கேட்டுச் சொல்லு."