புதுப்பிப்பு: பாரிஸிலிருந்து முத்தியால்பேட்டைக்கு

பாரிஸிலேயே இருந்து படம் வரைவதா, புதுச்சேரிக்குத் திரும்பிவிடுவதா என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். திரும்பிவிட்டேன். முத்தியால்பேட்டையில் மாடி வீடு. படம் வரையச் சீரான வெளிச்சம் தரும் வடக்குப் பார்த்த ஜன்னல் அமைந்ததால் வாடகைக்குப் பேரம் பேசவில்லை.

படம் வரைந்த கித்தான்களை (கேன்வாஸ்) மரச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. ஒன்றிலும் வெடிப்பு இல்லை. ஆனால் ஐப்பசி மழை பிடித்ததும், சுவரில் சாய்த்து வைத்தவற்றின் முதுகெல்லாம் மாவு தூவியதுபோல் பூஞ்சை. இப்போது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி, மரக்கட்டைமேல் நிற்கின்றன. அக்ரிலிக் வண்ணம், அதிலுள்ள நீர் ஆவியாகித்தான் காயும். இந்த ஈரக்காற்றில் இழுத்தடிக்கிறது. எண்ணெய் வண்ணம் ஆக்சிஜனை வாங்கி இறுகுவது, அதனால் அதற்கே மாறிவிட்டேன். செலவு அதிகம்தான்.

தாளுக்கு அலைய வேண்டியதில்லை. 1959 முதல் அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த காகிதத் தொழிற்சாலை இங்கேயே இருக்கிறது. அந்தத் தாளின் சொரசொரப்பில் கரிக்கோடு நன்றாகப் பிடிக்கிறது.

அப்பாவுக்குத்தான் ஆறவில்லை. “பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கே உனக்கு என்னடா வேலை?” என்கிறார். பாரிஸ் அறையை நண்பனோடு பகிர்ந்து வைத்திருக்கிறேன். கண்காட்சி அமைந்தால் போவேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.